கம்பெனி பக்கத்து வக்கீலம்மா

தொழிலாளர் கோர்ட்டில் முதலாளிக்காக வாதாடுகிற வக்கீலுக்கு, ஜெயித்தால் கை கொடுக்க ஆள் இருக்காது. தோற்றால் மட்டும் வராண்டா முழுக்கச் சிரித்த முகமாக இருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று காற்றில் தோல் வாசனை கலந்திருக்கிற ஊர்களின் ஷூ கம்பெனிகளுக்காகவும் தோல் பதனிடும் டேனரிகளுக்காகவும்தான் நான் இத்தனை வருடமும் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறேன். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் "என்ன கேஸுங்க பாக்குறீங்க?" என்று ஆசையாகக் கேட்பார். நான் சொன்னதும் வேலூர் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். செய்கிற வேலைக்காகவே முகம் சுளிக்கப்படுகிறவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம். டிக்கெட் பரிசோதகர்கள், கணக்கு டீச்சர்கள், அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர்கள், நீங்களெல்லாம் எனக்குச் சொந்தம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், சேர்ந்து உட்கார்ந்து புலம்புவதற்காக அல்ல. இந்த வேலையிலும் நமக்கு நல்ல மனிதர்கள் கிடைக்கிறார்கள் என்று சொல்லத்தான்.

பஸ்ஸில் ஒரு சீட்

கார் வாங்காத காலம். காலையில் வேலூர் கோர்ட்டில் செல்வி என்ற தையல் பிரிவுப் பெண்ணைக் கூண்டில் நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். அடிக்கடி லீவு போடுகிறார் என்று கம்பெனி அவரை நீக்கியிருந்தது. "உடம்பு சரியில்லைன்னு லீவு சொன்ன அன்னிக்கு, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு அமிர்தி போய் மான் பாத்துட்டு வந்தீங்களா, இல்லையா?" என்று கேட்டேன். செல்வி தரையைப் பார்த்தபடி, "போனேங்க. ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்துச்சுங்க" என்றார். எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தபோது ஜெயித்தது போல இல்லை.

மத்தியானம் ஆம்பூரில் ஒரு கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏறினால் காலை வைக்க இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறேன், பக்கத்து சீட்டில் செல்வி. அவரும் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பள்ளிகொண்டா வந்தது. அவர் மடியில் இருந்த பையைக் கீழே வைத்து, நகர்ந்து உட்கார்ந்து, என் புடவையை லேசாக இழுத்தார். பரவாயில்லை என்று தலையாட்டினேன். பிற்பாடு அந்த வழக்கு ராஜியாகி அவர் வேலைக்குத் திரும்பியது வேறு விஷயம். அன்றைக்கு அவருக்கு அது தெரியாது. தெரியாமலேதான் சொன்னார்:

"கோர்ட்ல என்னை நிக்க வெச்சுக் கேக்குறது உங்க வேல மேடம். பஸ்ல நீங்க நிக்கணும்னு இன்னா இருக்கு, உக்காருங்க."

என் சாட்சி

லாஸ்ட் என்று ஒரு பொருள் உண்டு. ஷூவை அதன் மேல் மாட்டித்தான் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். கால் மாதிரியே இருக்கும் பிளாஸ்டிக் அச்சு. கனம் ஜாஸ்தி. மண்டையில் பட்டால் தையல்தான். குமார் என்ற தொழிலாளி வாக்குவாதத்தில் சூப்பர்வைசர் மேல் அதை எறிந்தான் என்று வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். கம்பெனி தரப்பில் நேரில் பார்த்த சாட்சி ஸ்டோர் கீப்பர் பெருமாள். நல்ல மனிதர். கோர்ட் என்றாலே கை நடுங்குகிறவர். "பயப்படாதீங்க. உள்ளத சொல்லுங்க, போதும்" என்று தைரியம் சொல்லிக் கூண்டில் ஏற்றினேன். நான் கேட்டவற்றுக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னார். எறிந்ததைப் பார்த்தேன், லாஸ்ட் சுவரில் பட்டதைப் பார்த்தேன், சத்தம் கேட்டேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "அடிக்கணும்னுதான் எறிஞ்சாருன்னு சொல்றீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெருமாளுக்கு நடுக்கம் போயே போய்விட்டது. "அய்யோ, அப்படி இல்லீங்க. குமாரு எங்க ஏரியா கிரிக்கெட் டீம்ல பௌலரு. ஒத்த ஸ்டம்ப வெச்சாலும் தட்டுவான். அடிக்கணும்னு எறிஞ்சிருந்தா பட்டிருக்கும்" என்றார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். எறிந்தது தப்புதான், ஆனால் வேலையைப் பறிக்கிற அளவுக்கு இல்லை என்று குமாரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அன்றைக்கு வெளியே வந்ததும் பெருமாளிடம், "என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்:

"உள்ளத சொல்லுன்னீங்க மேடம். எங்க நிறுத்தணும்னு சொல்லலியே."

டீ

ஒரு ஷூ கம்பெனியில் வேலைநிறுத்தம். கோரிக்கைப் பட்டியல் முழ நீளம். தொழிலாளர் அலுவலர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சமரசம் பேசினார். நாங்கள் ஒரு வரிசை, யூனியன் எதிர் வரிசை. ஒவ்வொரு கோரிக்கையாகப் பேசினால் ஒவ்வொன்றிலும் அவர்கள் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள், நாங்களும் கொஞ்சம் இறங்குகிறோம். ஆனால் மொத்தமாக முடிக்கலாமா என்றால் மட்டும் எதிர் வரிசை இறுகிப்போகிறது. இன்னா பேஜார் இது, எங்கே இடிக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அலுவலர் அனுபவசாலி. பட்டியலின் கடைசிக் கோரிக்கையில் விரலை வைத்து, "இதைப் பத்தி யாருமே பேசலியே?" என்றார். "கேன்டீன் தேநீரின் தரம்" என்று ஒரு வரி. நாங்கள் அதை ஒப்புக்குச் சேர்த்தது என்று நினைத்திருந்தோம்.

கேன்டீனிலிருந்து அந்த டீயையே ஃபிளாஸ்க்கில் வரவழைத்தார். சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் நிர்வாக இயக்குநர் முதலில் ஒரு வாய் குடித்தார். விழுங்கலாமா வேண்டாமா என்று அவர் படுகிற பாட்டை எல்லோரும் பார்த்தோம். புதுக் கான்ட்ராக்டர் வந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது என்றும், போய்ச் சொன்னபோது "டீக்கெல்லாமா புகாரு" என்று மேனேஜர் சிரித்தார் என்றும் அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்புதான் அவர்களுக்கு ஆறவில்லை. இயக்குநர் எழுந்து நின்று, இது தப்பு, மன்னிச்சிடுங்க என்றார். அதன் பிறகு மற்றதெல்லாம் மளமளவென்று முடிந்தது. கிளம்பும்போது அவர் ஆதங்கத்தோடு, "இத்தனை நாளா இதையா குடிச்சீங்க?" என்று கேட்டார். எதிர் வரிசையில் இருந்த, தையல் லைனிலேயே மூத்த பெண்ணான மல்லிகா பதில் சொன்னார்:

"யாரு சார் குடிச்சா? தூக்கம் வந்தா மூஞ்சி கழுவிப்போம்."

இரண்டு பட்டன்

அன்வர் பாய் எனக்கு நிறைய வேலை கொடுத்த கட்சிக்காரர். அவர் கம்பெனியில் சம்பத் என்பவர் கட்டிங் பிரஸ்ஸில் தோல் வெட்டும்போது விரல்களை இழந்தார். அந்த மெஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மேல்தட்டு கீழே இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் எப்படி மாட்டும்? ஆகவே சம்பத்தான் விதியை மீறி ஏதோ செய்திருக்கிறார், அதனால்தான் நீக்கினோம் என்பது மேனேஜர் எனக்குச் சொன்ன கதை. கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. சம்பத்தோ வேலையைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்.

வாதம் எழுதுவதற்கு முன்னால் மெஷினை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போனேன். வரிசையாக நிற்கிற பிரஸ்களில் ஒரு பட்டனை ஒரு துண்டுத் தோல் வைத்து அழுத்தி, மேலே டேப் சுற்றியிருந்தது. எல்லா மெஷினிலும் அப்படித்தான். ஒரு கை பட்டனில், இன்னொரு கை தோலில். வேகம் கூடும். "யாரு வெச்சது?" என்று கேட்டேன். "மெயின்டெனன்ஸ்ல இருந்து வந்து வெச்சாங்க மேடம். ஷிப்மென்ட் அவசரம்னு" என்றார் அங்கே நின்றவர், என் பக்கத்தில் நின்ற மேனேஜரைப் பார்க்காமல். நேராக அன்வர் பாய் அறைக்குப் போய், "இந்தக் கேஸ்ல நான் நிக்க முடியாது பாய். அதக் கூட விடுங்க. இன்னொருத்தர் கை போறதுக்குள்ள பட்டன்ல சுத்தியிருக்கிற டேப்ப கிழிக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "கேஸ நடத்தச் சொன்னா நீங்க கேஸையே காலி பண்றீங்களே. நீங்க எங்க ஆளா, அவங்க ஆளா?" என்றார். எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் அவரிடமிருந்து போனே இல்லை. மகள் காலேஜில் சேருகிற வருடம் அது. ஒரு பெரிய கட்சிக்காரர் போய்விட்டார் என்று வீட்டில் சொல்லவும் தைரியம் வரவில்லை.

பிறகு ஒரு காலையில் கூப்பிட்டார். போனால், அறையில் சம்பத்தும் அவர் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள், முன்னால் பிஸ்கட் தட்டு. மேஜை மேல் ஒரு அட்டைப் பெட்டி நிறைய அந்தத் தோல் துண்டுகள். அன்வர் பாய் தானே ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பிடுங்கியிருக்கிறார். தன் மெஷின்களில் அப்படி நடக்கிறது என்பது நான் போய்ச் சொல்கிற வரை அவருக்குத் தெரியாது. அதுதான் அவரை அதிகமாகச் சுட்டிருக்கிறது. சம்பத்தைத் தரம் பார்க்கும் பிரிவில் திரும்ப எடுத்துக்கொண்டார், ஆஸ்பத்திரிச் செலவையும் ஏற்றுக்கொண்டார். அதற்கப்புறம் தன் நண்பர்களின் கம்பெனிகளுக்கெல்லாம் அவர்தான் என்னை அனுப்பி வைத்தார். என்னை அவர் அறிமுகப்படுத்துகிற விதம் இதுதான்:

"நம்ம வக்கீலுதான், தோஸ்த். ஆனா நாம சொல்றதெல்லாம் சொல்ல மாட்டாங்க, அதையும் தெரிஞ்சுக்கோ."

கட்டை விரல்

ஒரு டேனரியில் அப்பா ஓய்வெடுத்துக்கொண்டு மகன் பொறுப்புக்கு வந்தார். எல்லாம் போனிலேயே. வாட்ச்மேன் ராஜேந்திரனை வேலையை விட்டு நீக்கியதைக்கூட வாட்ஸ்அப்பில், இங்கிலீஷில் அனுப்பிவிட்டார். அதற்கு ராஜேந்திரனிடமிருந்து பதிலாக ஒரு கட்டை விரல் படம் வந்தது. "பாருங்க மேடம், அவரே ஒத்துக்கிட்டாரு" என்று மகனுக்கு ஒரே சந்தோஷம். இது நிற்காது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சரி, கெடுதலில்லாத முட்டாள்தனம்தானே, நீதிபதி வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று நானும் எழுந்து நின்று, முகத்தில் சிரிப்பு வராமல், அந்தக் கட்டை விரல் சம்மதத்தைக் குறிக்கிறது என்று சொன்னேன்.

நீதிபதி ராஜேந்திரனையே கூப்பிட்டு, "இதுக்கு என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டார். அன்றோடு அந்த வாதம் முடிந்தது. மகனும் சிரித்துவிட்டார். வாட்ச்மேன் மறுபடி டேனரி கேட்டில் காவலுக்கு நின்றார். அவர் கோர்ட்டில் சொன்னது அப்படியே இது:

"என் பொண்ணு போன் வாங்கிக் குடுத்து, எது வந்தாலும் இத்த அமுக்குப்பான்னு சொல்லிச்சுங்க. குட்மார்னிங் வந்தாலும் அதான் அனுப்புவேன், எங்க பெரிப்பா செத்த சேதிக்கும் அதான் அனுப்புனேன்."

கூட வந்தவர்

ஒரு சூப்பர்வைசர். தையல் லைனில் இருக்கிற பெண்களிடம் அவர் நடந்துகொண்ட விதம் சரியில்லை. பவித்ரா என்ற பெண் எழுத்து மூலம் புகார் கொடுத்தாள். கம்பெனியின் விசாரணைக் குழு அது உண்மை என்று கண்டது. முதலாளி தயங்காமல் ஆளை நீக்கினார். நீக்கியது செல்லாது என்று அந்த சூப்பர்வைசர் கோர்ட்டுக்கு வந்தார். நான் கம்பெனிக்காக ஆஜரானேன். பவித்ரா வந்து சாட்சி சொன்னால்தான் வழக்கு நிற்கும். மற்ற பெண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காவேரிப்பாக்கத்துப் பக்கம் இருந்து அவள் அம்மா போனில் அழுதார். "மேடம், கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா மாப்ள வூட்ல இன்னா நெனப்பாங்க? எங்களை உட்டுடுங்க" என்றார். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள். வற்புறுத்த மனம் வரவில்லை. பவித்ரா வராவிட்டால் தோற்றுவிடுவோம், அந்த ஆள் அதே லைனுக்குத் திரும்பி வருவார் என்று முதலாளியிடம் சொல்லி வைத்தேன்.

விசாரணை நாளில் நம்பிக்கையில்லாமல்தான் போனேன். வேப்பமரத்தடியில் பவித்ரா நிற்கிறாள். பக்கத்தில் ஒரு அம்மாள், கையில் டிபன் கேரியர். நீதிபதி மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டுப் பவித்ராவை விசாரித்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விகள் எனக்கே கூசின. அவள் குரல் ஒரே ஒரு தடவை உடைந்தது. தண்ணீர் குடித்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை. நீக்கியது சரிதான் என்று பின்னால் தீர்ப்பு வந்தபோது அந்தத் தையல் லைனில் பெண்கள் லட்டு கொடுத்துக்கொண்டார்களாம்.

அன்று வெளியே வந்ததும் அந்த அம்மாள் கேரியரைத் திறந்து அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தார். நான் போய், "ரொம்ப நன்றிம்மா, பொண்ண கூட்டிட்டு வந்ததுக்கு" என்றேன். அவர் பவித்ராவின் அம்மா இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா. விஷயத்தைப் பவித்ராவே அவரிடம் போனில் சொல்லியிருக்கிறாள். காலையில் முதல் பஸ் பிடித்து அவர்தான் போய் அழைத்து வந்திருக்கிறார். அவர் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு மேடம். பயத்த இங்கயே எறக்கி வெச்சுட்டு வரட்டும்."

யூனியன் ரத்தம்

ஏழுமலை யூனியன் தலைவர். எல்லோருக்கும் தோழர். எனக்கும் அவருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று, இருவருக்கும் சர்க்கரை இல்லாத காபி. மற்றபடி நான் கிழக்கு என்றால் அவர் மேற்கு. ஒரு நாள் என் கணவருக்கு வயிற்றுக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டு, சத்துவாச்சாரி வீட்டிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். உடனே ஆபரேஷன், ரத்தம் வேண்டும், அதுவும் ஓ நெகட்டிவ், சுலபத்தில் கிடைக்காதது என்றார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு ஓய்ந்த பிறகு, மறுநாள் ஏழுமலையோடு ஒரு வழக்கு இருப்பது ஞாபகம் வந்தது. வாய்தா வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக அவருக்கும் போன் செய்தேன். "ஏன் மேடம், குரல் ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டார். சொன்னேன். "வைங்க" என்று கட் செய்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கம்பெனி யூனிஃபார்மோடு ஆட்கள் இறங்கினார்கள். ரத்த வகை பார்த்து யூனியனில் பொறுக்கி எடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் பாபுவும் இருந்தார். என் வாதத்தால் வழக்கில் தோற்று வேலையை இழந்து, வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தவர். அவரைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் நேராக உள்ளே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, தனக்குக் கொடுத்த ஜூஸை என் கையில் வைத்து, "நீங்க காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றார். அந்த ஜூஸைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் போகும்போது கும்பிட்டேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

கணவர் பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றியதும் ஏழுமலை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "தோழர், இதை நான் எப்படித் தீர்க்கப் போறேன்?" என்றேன். கோர்ட்டில் எனக்கு எதிராகப் பேசும்போது வைத்துக்கொள்கிற அதே முகத்தோடு அவர் சொன்னதைக் கேட்டு, என் கணவர் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்:

"இப்ப உங்க வூட்டுக்காரர் ஒடம்புல ஓடுறது யூனியன் ரத்தம் மேடம். இனிமே வூட்லயும் உங்களுக்கு எதிர்ப்பு இருக்கும், பாத்துக்கோங்க."

இத்தனை வருடம் முதலாளிகள் பக்கமே நின்று வாதாடியதில் நான் சம்பாதித்த சொந்தங்களில் பாதிக்கு மேல் எதிர்க்கட்சிக்காரர்கள்தான் என்பதை, தயவுசெய்து என் கட்சிக்காரர்கள் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.